கயிற்று மேடையும் கம்பிக் கூண்டும்

குத்துச்சண்டைக்காரருக்கு ஆயுதம் இரண்டே: வலக்கை, இடக்கை. இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது, பின்மண்டையில் அடிக்கக் கூடாது, விழுந்தவரைத் தொடக் கூடாது. மூன்று நிமிடம் சண்டை, ஒரு நிமிடம் ஓய்வு, கையில் கிளவுஸ், விழுந்தால் பத்து எண்ணும் வரை அவகாசம் என்ற வரம்புகள் 1867-இல் இங்கிலாந்தில் குவீன்ஸ்பெரி பிரபுவின் பெயரால் வெளிவந்த விதிகளில் வகுக்கப்பட்டவை. எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலையில் இந்த வரம்புகளில் பெரும்பாலானவை இல்லை. குத்தலாம், உதைக்கலாம், முழங்காலாலும் முழங்கையாலும் தாக்கலாம், காலை வாரிக் கீழே தள்ளலாம், தள்ளியவர் மேல் ஏறி உட்கார்ந்து அடிக்கலாம், கழுத்தை நெரிக்கலாம், கை மூட்டைத் திருகலாம். கண்ணைக் குத்துவது, கடிப்பது, கவட்டில் தாக்குவது போன்ற சிலவற்றுக்கு மட்டும் தடை உண்டு.

விளையாடுபவருக்கு இது திறமைகளின் வேறுபாடு. உட்கார்ந்து பார்ப்பவருக்கோ கண் எங்கே போக வேண்டும் என்பதே மாறிவிடுகிறது. குத்துச்சண்டையைப் புரிந்துகொள்ளப் பயிற்சி அவசியமில்லை. யார் அடித்தார், யார் வாங்கினார், யார் பின்வாங்குகிறார் என்பது முதன்முறை பார்ப்பவருக்கும் தெரியும். நுட்பங்கள் போகப் போகப் பிடிபடும். முன்கையை விட்டு விட்டு நீட்டிக் குத்தும் ‘ஜாப்’ பலவீனமான அடி போலத் தோன்றும். நான்காவது ரவுண்டில் எதிராளியின் கண் வீங்கத் தொடங்கும்போதுதான் அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று தெரியவரும். சாம்பியன் பட்டப் போட்டிக்குப் பன்னிரண்டு ரவுண்டு. இடைவேளைகளையும் சேர்த்தால் முக்கால் மணி நேரத்துக்கு மேல். வழி குறுகியது, நேரம் நீண்டது. இந்தச் சேர்க்கையால்தான் நல்ல குத்துச்சண்டை ஒரு கதை போல நகர்கிறது.

1990 மார்ச் 17 அன்று லாஸ் வேகாஸில் மெக்சிகோவின் ஹூலியோ சீசர் சாவேஸும் அமெரிக்காவின் மெல்ட்ரிக் டெய்லரும் மோதிய சண்டை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இருவரும் அதுவரை தோற்றதில்லை. டெய்லரின் கை வேகத்தை சாவேஸால் எட்டிப்பிடிக்க முடியவில்லை. ரவுண்டுக்கு ரவுண்டு புள்ளிகள் டெய்லர் பக்கமே சேர்ந்தன. ஆனால் சாவேஸின் ஒவ்வொரு அடியும் கனமாக இறங்கியது. வென்றுகொண்டிருப்பவரின் முகம் வீங்க, தோற்றுக்கொண்டிருப்பவர் தளராமல் நின்றார். பன்னிரண்டாவது ரவுண்டின் கடைசி அரை நிமிடத்துக்குள் சாவேஸின் வலக்கை டெய்லரைத் தரையில் வீழ்த்தியது. கயிற்றைப் பிடித்து எழுந்த டெய்லரிடம் நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் தொடர முடியுமா என்று கேட்டார், பதில் வரவில்லை. நடுவர் சண்டையை நிறுத்தியபோது மீதம் இருந்தது இரண்டு வினாடி. மூன்று தீர்ப்பாளர்களில் இருவரின் ஏட்டில் அப்போது டெய்லர்தான் முன்னிலையில் இருந்தார். நிறுத்தியது சரியா தவறா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் முடிவு திடீரென்று வந்ததல்ல. பதினோரு ரவுண்டுகளாக வாங்கிய அடியெல்லாம் கடைசியில் ஒன்றாகக் கணக்குத் தீர்த்தது.

எம்.எம்.ஏ.வில் திருப்பம் இப்படிச் சேர்ந்து வருவது குறைவு. 2010 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் சேல் சோனன் என்ற மல்யுத்த வீரர், மிடில்வெயிட் சாம்பியன் ஆண்டர்சன் சில்வாவை நான்கு ரவுண்டு முழுக்கத் தரையில் அழுத்தி அடித்தார். ஐந்தாவது ரவுண்டிலும் அதே நிலைதான். மல்லாந்து கிடந்த சில்வா திடீரென்று இரு கால்களையும் சோனனின் கழுத்தைச் சுற்றிப் பூட்டி, கையையும் இழுத்துப் பிடித்தார். சோனன் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். இருபது நிமிடத்துக்கு மேலான ஆதிக்கம் ஒரு பிடியில் முடிந்தது. 2022-இல் லியான் எட்வர்ட்ஸ், கமாரு உஸ்மானிடம் எல்லா ஏட்டிலும் பின்தங்கியிருந்து, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் இருக்கும்போது தலையில் விட்ட ஒரே உதையில் பட்டத்தைப் பறித்ததும் இந்த வகைதான். பார்வையாளரைக் கடைசி வினாடி வரை கட்டிப்போடுவது இந்த நிச்சயமின்மையே.

அதற்கு ஒரு விலையும் உண்டு. சில்வாவின் அந்தப் பிடி எப்படி விழுந்தது என்பது பிடிகளின் கலையான ஜூஜுட்சு தெரியாதவருக்குக் கண்முன் நடந்தும் தெரியாது. இருவர் கட்டிப் புரள்கிறார்கள், ஒருவர் தட்டுகிறார், அவ்வளவுதான். முழங்கை எங்கே சிக்கியது, இடுப்பு ஏன் நகர்ந்தது என்று வர்ணனையாளர் சொல்ல வேண்டும்; மறு ஒளிபரப்பில் காட்ட வேண்டும். இரண்டு மல்யுத்தக்காரர்கள் கம்பி வேலியில் சாய்ந்து ஒருவரையொருவர் அழுத்திக்கொண்டு நிற்கும் நிமிடங்களில் அரங்கத்திலிருந்து கூச்சல் எழுவதும் இதனால்தான். குத்துச்சண்டையிலும் சலிப்பு உண்டு. ஆனால் கட்டிப்பிடித்தால் நடுவர் உடனே பிரித்துவிடுவார்.

மேடையின் அமைப்பிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. ‘ரிங்’ என்று பெயரே தவிர, குத்துச்சண்டை மேடை சதுரமானது. நாலாபுறமும் கயிறு மட்டுமே. இருவரும் நின்றபடியே சண்டையிடுவதால் கடைசி வரிசையிலிருந்தும் உருவம் தெரியும். 2017-இல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஆன்டனி ஜோஷுவாவும் விளாடிமிர் கிளிட்ச்கோவும் மோதியபோது சுமார் 90,000 பேர் திரண்டார்கள். எம்.எம்.ஏ.வின் எண்கோணக் கூண்டைச் சுற்றிக் கம்பிவலை நிற்கிறது. தரையில் உருளும் வீரர்கள் கயிற்றின் வழியே வெளியே விழாமலிருக்க அது வேண்டும். ஆனால் அந்த வலையும் அதன் தூண்களும் கூட்டத்தின் கண்ணை மறைக்கின்றன. தரைச் சண்டை தொடங்கிவிட்டால் நல்ல விலை கொடுத்து உட்கார்ந்தவர்களும் தலைக்கு மேல் தொங்கும் திரையைத்தான் பார்க்கிறார்கள். வேலிக்கு மேலிருந்து எட்டிப் பார்க்கும் கேமராவுக்கே முழுக் காட்சி கிடைக்கிறது.

இந்த விளையாட்டு அமெரிக்காவில் பிறந்ததே தொலைக்காட்சிக்காக என்பது நினைவில் கொள்ளத்தக்கது. 1993 நவம்பர் 12 அன்று டென்வரில், எம்.எம்.ஏ. சண்டைகளை நடத்தும் யு.எஃப்.சி. நிறுவனத்தின் முதல் போட்டி நடந்தது. எந்தச் சண்டைக் கலை பெரியது என்று பார்த்துவிடலாம் என்பதுதான் கட்டணத் தொலைக்காட்சியில் அதற்குச் செய்யப்பட்ட விளம்பரம். எட்டு பேர், ஒரே இரவு, எடைப் பிரிவு கிடையாது. குத்துச்சண்டைக்காரர் ஆர்ட் ஜிம்மர்சன் ஒரு கையில் மட்டும் கிளவுஸ் மாட்டிக்கொண்டு வந்து, பிரேசிலின் ராய்ஸ் கிரேசி தன்னைத் தரையில் கிடத்தியதும் ஒரு குத்துகூட விட முடியாமல் தட்டிவிட்டார். உடல் பருமனில் சாதாரணரான கிரேசிதான் அன்று மூவரை வென்று பட்டத்தை எடுத்துச் சென்றார். அடுத்த சில ஆண்டுகளில், இது மனிதர்களை வைத்து நடத்தும் சேவல் சண்டை என்று செனட்டர் ஜான் மெக்கெய்ன் பிரச்சாரம் செய்ய, பல மாகாணங்கள் கதவைச் சாத்தின. எடைப் பிரிவு, ரவுண்டுக் கணக்கு, தடை செய்யப்பட்ட அடிகளின் பட்டியல் ஆகியவற்றை உள்ளடக்கிய பொது விதிகள் 2000-ஐ ஒட்டி நியூஜெர்சியில் உருவான பிறகே அந்தக் கதவுகள் திறந்தன. நியூயார்க் மாகாணம் 2016 வரை பிடிவாதமாக இருந்தது.

குத்துச்சண்டையின் கூட்டம் வேறு மண்ணில் வளர்ந்தது. ஊர், இனம், குடியேறிய சமூகம் என்று ஏதாவது ஒன்றின் பிரதிநிதியாகத்தான் வீரர் மேடை ஏறுவார். மெக்சிகோவின் சுதந்திர தின வாரத்தில் லாஸ் வேகாஸில் பெரிய சண்டை வைப்பது இன்றும் வழக்கம். வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகளின் பெயரால் குத்துச்சண்டை நடந்ததும், ஆதரவாளர்கள் அந்தப் பெயருக்காகவே திரண்டதும் இதே வகை. 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டியில் ஆடியதைப் பார்க்க நகரமே திரண்டது அந்தப் பின்னணியில்தான். எம்.எம்.ஏ. ரசிகரின் பற்று பெரும்பாலும் நிறுவனத்தின் மேல் நிற்கிறது. இந்த வாரம் யார் சண்டை என்று கேட்காமலேயே ‘யு.எஃப்.சி. பார்க்கிறேன்’ என்பார். அமெரிக்காவின் சனி இரவு இங்கே ஞாயிறு காலை என்பதால் இந்திய ரசிகருக்கு அது காப்பியோடு பார்க்கும் சங்கதி.

பார்க்கக் கொடூரமாக இருப்பது எது என்று கேட்டால் பலரும் கூண்டைத்தான் காட்டுவார்கள். ரத்தம் அங்கே அதிகம். நான்கு அவுன்ஸ் கிளவுஸும் முழங்கையும் தோலைச் சட்டென்று கிழிக்கும். விழுந்தவர் மேல் பாய்ந்து அடிப்பதும் பழகாத கண்ணுக்குப் பொறுக்காது. குத்துச்சண்டையின் எட்டு அல்லது பத்து அவுன்ஸ் கிளவுஸ் கையைக் காப்பாற்றுவதால் தலையில் விழும் குத்துகளின் எண்ணிக்கை பெருகுகிறது. எண்ணிக்கைக்குள் எழுந்தவர் மறுபடி அடி வாங்கப் போகிறார். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பத்தாண்டுப் போட்டிகளின் மருத்துவப் பரிசோதனைகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவும் இதையே காட்டியது. எம்.எம்.ஏ. வீரர்களில் 59 சதவீதத்தினருக்கும் குத்துச்சண்டை வீரர்களில் 50 சதவீதத்தினருக்கும் ஏதோ ஒரு காயம். ஆனால் நினைவிழப்பது குத்துச்சண்டையில் 7 சதவீதம், எம்.எம்.ஏ.வில் 4 சதவீதம். 1982-இல் கொரிய வீரர் கிம் டுக்-கூ, ரே மன்சினியுடனான சண்டையின் பதினான்காவது ரவுண்டில் விழுந்து சில நாட்களில் இறந்தார். பட்டப் போட்டிகள் பதினைந்திலிருந்து பன்னிரண்டு ரவுண்டாகக் குறைந்தது அதன் பிறகே.

புள்ளி போடும் முறையை எம்.எம்.ஏ. குத்துச்சண்டையிடமிருந்து அப்படியே கடன் வாங்கியது: மூன்று தீர்ப்பாளர்கள், ரவுண்டை வென்றவருக்குப் பத்து, மற்றவருக்கு ஒன்பது அல்லது குறைவு. பன்னிரண்டு ரவுண்டுக்கு வகுத்த கணக்கு எம்.எம்.ஏ.வின் வழக்கமான மூன்று ரவுண்டுச் சண்டைக்குப் பொருந்தவில்லை. ஒரு ரவுண்டைத் தவறாகக் கணித்தாலே முடிவு கவிழ்ந்துவிடும். குத்துச்சண்டையில் தவறு சமனாக வாய்ப்பு அதிகம், ஆனால் சந்தேகத்தின் நெடி அங்கேதான் கூடுதல். 2017-இல் கனேலோ அல்வாரெஸும் கென்னடி கோலோவ்கினும் மோதியபோது, நெருக்கமாக நடந்த சண்டைக்கு ஒரு தீர்ப்பாளர் அல்வாரெஸுக்குச் சாதகமாக 118-110 என்று எழுதி உலகத்தையே திகைக்க வைத்தார்; சண்டை சமனில் முடிந்தது.

ஆனால் ரசிகரின் பெரிய மனக்குறை புள்ளிகளைப் பற்றியதல்ல. பார்க்க விரும்பும் சண்டை நடக்காமலே போவதுதான். குத்துச்சண்டையில் நான்கு பெரிய அமைப்புகள், பதினேழு எடைப் பிரிவுகள். ஆளுக்கொரு பெல்ட் கொடுக்கின்றன. வீரரை வைத்திருப்பவர் ஒரு புரொமோட்டர், ஒளிபரப்புபவர் வேறொருவர். தோற்காத கணக்கே சந்தை மதிப்பு என்பதால் வளரும் வீரருக்கு எளிய எதிராளிகளாகப் பார்த்துத் தேடித் தருகிறார்கள். ஃப்ளாய்ட் மேவெதர் – மேனி பாக்கியோ சண்டைக்கான பேச்சு 2009-இல் தொடங்கியது. நடந்தது 2015 மே மாதத்தில், இருவரும் உச்சத்தைத் தாண்டிய பிறகு. அமெரிக்காவில் மட்டும் 46 லட்சம் வீடுகள் பணம் கட்டிப் பார்த்தன. பார்த்தவர்கள் பெரும்பாலும் ஏமாந்தார்கள். எல்லா ஹெவிவெயிட் பெல்ட்டுகளையும் ஒரே இடுப்பில் பார்க்க 1999-இன் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு 2024-இன் ஒலெக்சாண்டர் உசிக் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

யு.எஃப்.சி.யில் இந்தக் காத்திருப்பு குறைவு. வீரர்கள் ஒரே நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இருப்பதால் யார் யாரோடு மோத வேண்டும் என்று நிறுவனமே தீர்மானிக்கும்; மறுத்தால் நஷ்டம் வீரருக்கு. தோல்வி அங்கே பெரிய களங்கமுமல்ல. சார்ல்ஸ் ஒலிவேரா 2021-இல் லைட்வெயிட் சாம்பியன் ஆனபோது அவர் கணக்கில் எட்டுத் தோல்விகள் இருந்தன. முக்கியச் சண்டைக்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு சண்டைகளும் பார்க்கும்படி இருக்கும். இந்த வசதிக்குப் பணம் கொடுப்பவர் வீரர். குத்துச்சண்டையின் முதல்தர நட்சத்திரம் ஒரே இரவில் கோடிக்கணக்கான டாலரை அள்ளுகிறார், யு.எஃப்.சி. தன் வருவாயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கையே வீரர்களுக்குத் தந்தது என்பது நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. முன்னாள் வீரர்கள் தொடுத்த அந்த வழக்கை 37.5 கோடி டாலர் கொடுத்து நிறுவனம் தீர்த்துக்கொண்டது.

இரு தரப்பும் மோதினால் யார் வெல்வார் என்ற கேள்விக்கு, யாருடைய விதியில் மோதுகிறார்கள் என்பதே பதில். 2010-இல் குத்துச்சண்டை சாம்பியன் ஜேம்ஸ் டோனி கூண்டுக்குள் போய் ராண்டி கூட்டூரிடம் முதல் ரவுண்டிலேயே கழுத்தைக் கொடுத்தார். 2017-இல் கானர் மெக்ரெகர் குத்துச்சண்டை மேடையேறி மேவெதரிடம் பத்தாவது ரவுண்டில் வீழ்ந்தார். விதிவிலக்காகத் தோன்றியவர் எம்.எம்.ஏ. வீரர் ஃபிரான்சிஸ் இங்கானு: 2023 அக்டோபரில் ரியாத்தில் குத்துச்சண்டை மேடையில் டைசன் ஃப்யூரியைத் தரையில் வீழ்த்தி, நூலிழையில் தோற்றார். நான்கு மாதம் கழித்து ஜோஷுவா அவரை இரண்டாவது ரவுண்டில் நினைவிழக்கச் செய்தார்.

இப்போது கலப்பது விதிகளல்ல, வியாபாரம். யு.எஃப்.சி.யின் தாய் நிறுவனமான டி.கே.ஓ., சவுதி முதலீட்டோடு குத்துச்சண்டைக்குள் இறங்கியிருக்கிறது. 2025 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் அல்வாரெஸை டெரன்ஸ் க்ராஃபோர்ட் வென்ற சண்டையை நடத்தியவர்களில் யு.எஃப்.சி. தலைவர் டேனா வைட்டும் ஒருவர். நெட்ஃப்ளிக்ஸ் சந்தாதாரர்கள் தனிக் கட்டணம் இல்லாமல் அதைப் பார்த்தார்கள். வீரர்களைப் புரொமோட்டர்களின் பிடியிலிருந்து காக்க 2000-இல் முகமது அலியின் பெயரால் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. கூண்டுச் சண்டைக்கு அது பொருந்தாது. தரவரிசை, பட்டம், ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரே நிறுவனம் தன் கையில் வைத்துக்கொள்ளக் குத்துச்சண்டையிலும் வழிவிடும் திருத்த மசோதா 2025-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் தாக்கலானது. டி.கே.ஓ. அதை வெளிப்படையாக ஆதரிக்கிறது.