தையல் இயந்திரம் மட்டும் போதுமா? போருக்குப் பிறகு பிள்ளைகளின் கல்வியும் கைத்தொழிலும்

இலங்கையில் 2009 மே மாதம் போர் முடிந்தபோது, வன்னியிலிருந்து வெளியேறிய ஏறக்குறைய மூன்று லட்சம் மக்கள் வவுனியா மாவட்டத்தின் மெனிக் பார்ம் உள்ளிட்ட முகாம்களில் தங்க வைக்கப்பட்டனர். அவர்களில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பல்லாயிரம் பேர். பலர் ஒரே ஆண்டில் பல தடவை இடம்பெயர்ந்தவர்கள். புத்தகத்தையும் பிறப்புப் பத்திரத்தையும் வழியில் தொலைத்தவர்கள், பெற்றோரை இழந்தவர்கள், உடல் ஊனமுற்றவர்கள் என்று பல நிலைகளில் இருந்தனர்.

ஓராண்டுப் படிப்பை இழந்த எட்டு வயதுப் பிள்ளையை மறுபடியும் வகுப்பில் உட்கார வைத்துவிடலாம். நான்காண்டை இழந்த 16 வயதுப் பையனை என்ன செய்வது? ஏழாம் வகுப்பில் சிறு பிள்ளைகளோடு உட்கார அவன் கூச்சப்படுவான். வீட்டிலோ சம்பாதிக்க ஆள் இருக்காது. பள்ளியா, தொழிலா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. மலேசியாவில் கோயில்கள் வழியாகவும் பொது இயக்கங்கள் வழியாகவும் இத்தகைய பிள்ளைகளுக்கு உதவ நினைப்பவர்கள் இதைச் சற்று விரிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

594 பிள்ளைகள்

போரின்போது ஆயுதக் குழுக்களில் சேர்க்கப்பட்ட சிறார்கள் 6,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்களை யுனிசெஃப் பதிவு செய்திருந்தது. போர் முடிந்தபின் 18 வயதுக்கு உட்பட்ட 594 பேர் அரசின் புனர்வாழ்வுத் திட்டத்துக்குள் வந்தனர். அவர்களில் 364 பேர் பையன்கள், 230 பேர் பெண்பிள்ளைகள். படிக்க விரும்பியவர்கள் இரத்மலானை இந்துக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டனர். மற்றவர்களுக்குத் தொழிற்பயிற்சி தரப்பட்டது. 2010 மே மாதத்துக்குள் அனைவரும் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டனர்.

எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்காமல் இரண்டு வழிகளையும் திறந்து வைத்ததை இதில் கவனிக்க வேண்டும். ஆனால் ஓராண்டுப் பயிற்சியோடு கதை முடிந்துவிடுவதில்லை. வீடு திரும்பிய பிள்ளைக்கு அந்த ஊரில் பள்ளியோ வேலையோ இருக்க வேண்டும். மேலும் இந்த 594 பேர் சிறு பகுதியினர்தான். ஆயுதம் ஏந்தாமல், படிப்பை மட்டும் இழந்தவர்களின் தொகை இதைவிடப் பல மடங்கு பெரிது.

விட்ட படிப்பைப் பிடிப்பது

படிப்பு இடையில் அறுந்துபோன பிள்ளைகளுக்காகச் சுருக்கப் பாடத்திட்டம் என்ற முறை உலகின் பல நாடுகளில் பயன்பட்டிருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் 1991-இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 2002-இல் முடிந்தது. அங்கே ஆறாண்டுத் தொடக்கக் கல்வியை மூன்றாண்டுகளில் முடிக்கும்படி ஒரு திட்டம் நடத்தப்பட்டது. வயதில் மூத்த பிள்ளைகள் தங்கள் வயதொத்தவர்களோடு உட்கார்ந்து, மொழி, கணிதம் போன்ற அடிப்படைகளை முதலில் கற்றனர்.

அடிப்படைக் கல்வி கைத்தொழிலுக்கும் வேண்டும். அளவு படிக்கத் தெரியாதவர் தச்சு வேலை செய்ய முடியாது. விலை போடத் தெரியாதவர் சொந்தக் கடை நடத்த முடியாது. ஆகவே நல்ல திட்டங்கள் பயிற்சிப் பட்டறைக்குள்ளேயே எழுத்தையும் கணக்கையும் சேர்த்துக் கற்பிக்கின்றன.

வயதும் முக்கியம். இலங்கையில் கட்டாயக் கல்வி வயது 2016-இல் 16-ஆக உயர்த்தப்பட்டது. வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயதும் 2021-இல் 14-இலிருந்து 16-ஆக ஆனது. எனவே 13, 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்துப் பட்டறையில் விடுவது உதவி ஆகாது. அந்த வயதில் பள்ளிதான் முதல் தேர்வு.

எந்தத் தொழில்?

நிவாரணத் திட்டங்கள் பலவற்றில் தையல், தச்சு, சிகை அலங்காரம் என்று ஒரே பட்டியல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. செலவு குறைவு, மூன்று மாதத்தில் முடிந்துவிடும், இறுதி நாளில் இயந்திரத்தைக் கையளித்துப் படமும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இருநூறு குடும்பங்கள் வாழும் ஊரில் இருபது பேர் தையல் கற்றால் யாருக்குத் துணி தைப்பது? ஆறு மாதத்தில் இயந்திரம் விலைக்குப் போய்விடும்.

ஊரில் எந்த வேலைக்கு ஆள் தேவை என்று பார்த்துவிட்டுத்தான் பயிற்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போருக்குப் பிறகு எங்குமே கட்டுமானம் பெருகும். இந்திய அரசின் உதவியால் இலங்கையின் வடக்கு, கிழக்கில் 46,000 வீடுகள் கட்டப்பட்டன. பெரும்பாலான குடும்பங்களுக்குத் தலா 5,50,000 இலங்கை ரூபாய் தவணை முறையில் வழங்கப்பட்டது. வீட்டை அவர்களே முன்னின்று கட்டினர். அத்தனை வீட்டுக்கும் மேசன், தச்சர், வயரிங் செய்பவர், குழாய் பொருத்துபவர் தேவைப்பட்டனர். இப்படிப்பட்ட வேலையைக் கற்ற இளைஞனுக்கு ஊரைவிட்டுப் போகாமலேயே சம்பளம் கிடைக்கும்.

சான்றிதழ் ஏன் வேண்டும்?

மலேசியாவில் எஸ்பிஎம் தேர்வில் தேறாத பிள்ளையும் எஸ்கேஎம் திறன் சான்றிதழ் எடுத்து, படிப்படியாக டிப்ளோமா வரை போகலாம் என்பது பெற்றோர் பலருக்குத் தெரியும். இலங்கையிலும் என்விகியூ என்ற தேசியத் தொழில் தகுதி முறை இருக்கிறது. அதில் ஏழு படிகள் உண்டு. நான்காம் படி முழுத் தேர்ச்சி பெற்ற தொழிலாளிக்குரியது. ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாம் படி பட்டப்படிப்புக்கு இணை. வேலை செய்தே தொழில் கற்றவர்களும் திறனை மெய்ப்பித்துச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது.

கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜெர்மனியின் உதவியோடு 2016-இல் திறக்கப்பட்ட தொழிற்பயிற்சி நிலையம் இந்தப் படிகளை ஒட்டியே பயிற்சி தருகிறது. தொண்டு அமைப்பு தானே அச்சடித்துத் தரும் தாளுக்கு ஊருக்கு வெளியே மதிப்பில்லை. அரசு அங்கீகரித்த சான்றிதழ் இருந்தால் கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை கேட்கலாம், மேலும் படிக்கலாம்.

விடுபட்ட பெண்பிள்ளைகள்

சியரா லியோனில் 6,845 சிறார்கள் ஆயுதக் குழுக்களிலிருந்து முறைப்படி விடுவிக்கப்பட்டனர். அவர்களில் பெண்பிள்ளைகள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. துப்பாக்கியை ஒப்படைத்தவருக்கே முன்னுரிமை கிடைத்தது. சமைத்தவர்கள், சுமை தூக்கியவர்கள், கட்டாயமாக மனைவியாக்கப்பட்டவர்கள் விடுபட்டுப் போயினர். பின்னர் 2007-இல் வெளியான பாரிஸ் கோட்பாடுகள், இவர்களும் போரில் பயன்படுத்தப்பட்ட சிறார்களே என்று தெளிவுபடுத்தின. கைக்குழந்தையோடு இருக்கும் இளம் தாய்க்குப் பயிற்சி இடத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால், அவர் பெயர் பட்டியலில் இருந்தும் பயனில்லை.

அதே நாடு நல்ல பாடம் ஒன்றையும் தந்தது. ஆயுதம் ஏந்திய பிள்ளைக்கு மட்டும் சலுகை கொடுத்தால், அவனால் பாதிக்கப்பட்ட குடும்பம் மனம் கசக்கும். ஆகவே அத்தகைய பிள்ளையைச் சேர்த்துக்கொண்ட பள்ளிக்கே பாடப் பொருள்களும் விளையாட்டுப் பொருள்களும் வழங்கப்பட்டன. பலன் எல்லா மாணவருக்கும் சேர்ந்தது. திரும்பி வந்தவனை ஊர் சுமையாகப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ள அது துணை செய்தது.

உதவுவோர் கேட்க வேண்டியவை

நிதி கேட்டு வரும் அமைப்பிடம் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பு உறுதி செய்யப்பட்டுள்ளதா? கற்பிக்கும் தொழிலுக்கு அந்த வட்டாரத்தில் வேலை இருக்கிறதா? சான்றிதழ் என்விகியூ தகுதி உடையதா? பயிற்சிக் காலத்தில் பேருந்துச் செலவும் சாப்பாடும் கிடைக்குமா? பெண்பிள்ளைகளும் மாற்றுத் திறனாளிகளும் வந்து போக வசதி உண்டா? முடித்து ஓராண்டு ஆனபின் எத்தனை பேர் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள்?

இவற்றுள் கடைசிக் கேள்விக்குப் பெயர், தொழில், இடம் என்று கணக்கோடு பதில் சொல்லும் அமைப்பிடம் பத்து ரிங்கிட் கொடுத்தாலும் அது ஒரு பிள்ளையின் கைக்குப் போய்ச் சேரும்.