ஒரு பொறியில் பல குடித்தனங்கள்

நடுத்தர நிறுவனம் ஒன்றின் கணினி அறை பெரும்பாலும் திட்டமிட்டு அமைந்ததன்று. கணக்கு மென்பொருள் வாங்கிய ஆண்டில் ஒரு சர்வர், வருகைப்பதிவுக் கருவி பொருத்திய ஆண்டில் இன்னொன்று, கிளை அலுவலகம் திறந்தபோது மற்றொன்று என்று தேவை எழுந்தபோதெல்லாம் வந்து சேர்ந்த பொறிகளின் கூட்டமே அது. பிற கணினிகள் கேட்கும் தரவையும் சேவையையும் இரவுபகலாக வழங்கிக்கொண்டிருக்கும் கணினியே சர்வர் எனப்படுவது. ஒரு மென்பொருளுக்கு ஒரு சர்வர் என்னும் வழக்கம் ஊதாரித்தனத்தால் வந்ததும் அன்று. ஒரே இயங்குதளத்தின் மேல் இரண்டு மென்பொருள்களை நிறுவினால் ஒன்று நம்பியிருக்கும் நிரல்கோப்பை மற்றொன்று மாற்றிவிடுவதும், ஒன்றைப் புதுப்பிப்பதற்காகப் பொறியை நிறுத்தினால் மற்றதும் நின்றுபோவதும் 1990களில் அன்றாடத் தொல்லைகளாக இருந்தமையால், தனிப் பொறி தந்தால்தான் பொறுப்பேற்போம் என்று மென்பொருள் விற்றவர்களே வற்புறுத்தினர்.

இந்த வழக்கத்தின் விலை மின்கட்டணத்தில் தெரியும். கூகுளின் பொறியாளர்களான லூயிஸ் பரோசோவும் உர்ஸ் ஹோல்ஸ்லேவும் 2007இல் வெளியிட்ட ஆய்வுரையில், சர்வர்கள் பெரும்பாலான நேரம் தம் திறனில் 10 முதல் 50 விழுக்காட்டுக்குள்ளேயே உழைக்கின்றன என்றும், சிக்கனமான சர்வர்கூட வேலையே இல்லாதபோதும் முழுவேலையில் இழுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியை இழுத்துக்கொண்டிருக்கிறது என்றும் காட்டினர். அதுவும் ஆயிரக்கணக்கான பொறிகளைக் கண்ணும் கருத்துமாக மேய்க்கும் ஒரு நிறுவனத்தின் நிலை. தனித்தனி மென்பொருளுக்குத் தனித்தனிப் பொறி வைத்திருக்கும் இடத்தில் உழைப்பு இதனினும் குறைவாகவே இருக்கும். சும்மா நிற்கும் சர்வர் ஒன்று 200 வாட் இழுப்பதாகக் கொண்டால், அத்தகைய 15 சர்வர்கள் ஓராண்டில் சுமார் 26,000 யூனிட் மின்சாரத்தைத் தின்றுவிடும். அவை வெளியிடும் வெப்பத்தைத் தணிக்கும் ஏசியின் செலவு தனி.

இதற்கு விடையாக வந்ததே மெய்நிகராக்கம். பழைய ஒண்டுக்குடித்தன வீட்டில் ஒரே கூரையின்கீழ்ப் பல குடும்பங்கள் தத்தம் அடுப்போடும் தத்தம் பூட்டோடும் வாழ்ந்ததைப்போல, ஒரே வன்பொருளின் மேல் தனித்தனி இயங்குதளங்களோடு கூடிய பல கணினிகள் குடியிருக்கும்படி செய்யும் முறை இது. இப்படிக் குடியிருக்கும் ஒவ்வொன்றும் மெய்நிகர் இயந்திரம் எனப்படும். செயலியின் நேரத்தையும் நினைவகத்தையும் வட்டின் இடத்தையும் அவற்றுக்குப் பங்கிட்டு, ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று நுழையாதபடி காக்கும் அடிப்படை மென்பொருள் ஹைப்பர்வைசர் எனப்படும்.

இது புதுமை என்று விற்கப்பட்டாலும், ஐபிஎம் நிறுவனத்தின் பெருங்கணினிகளில் 1960களிலேயே நடைமுறைக்கு வந்துவிட்ட முறைதான். ஒரு செயலியை இவ்வாறு பங்கிட வேண்டுமானால் அதன் கட்டளைகளுக்கு என்ன தகுதி இருக்க வேண்டும் என்பதை ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் என்னும் இருவர் 1974இல் வரையறுத்தனர். மேசைக் கணினிகள் வழியாக உலகெங்கும் பரவிய இன்டெல் வகைச் செயலிகளுக்கோ அத்தகுதி இல்லாதிருந்தது. பொறி முழுவதையும் ஆளும் அதிகாரம் தேவைப்படும் சில கட்டளைகளை, அதிகாரம் இல்லாத நிரலிலிருந்து பிறப்பித்தாலும் அச்செயலிகள் தடுத்து நிறுத்தி எச்சரிக்காமல் ஏதோவொரு விடையைத் தந்துவிட்டு மேலே போய்விடும். 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம், அத்தகைய கட்டளைகளை ஓடும்போதே கண்டறிந்து மாற்றி எழுதும் உத்தியால் இத்தடையைத் தாண்டி, 1999இல் மேசைக் கணினிக்கும் 2001இல் சர்வருக்கும் உரிய மென்பொருள்களை வெளியிட்டது. பின்னர் இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் செயலிக்குள்ளேயே இவ்வசதியைச் சேர்த்தன. 2007இல் லினக்ஸின் கருவோடு கேவிஎம் என்னும் இலவச ஹைப்பர்வைசர் இணைக்கப்பட்டது. நுட்பம் முதிர்ந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன என்பதால், அதை நம்பலாமா என்று ஒரு நிறுவனம் இன்று தயங்கக் காரணம் இல்லை.

மெய்நிகர் இயந்திரம் முழுவதும் வட்டில் கிடக்கும் சில கோப்புகளே என்பதில்தான் இதன் வலிமை எல்லாம் அடங்கியிருக்கிறது. கோப்பாக இருப்பதை நகலெடுக்கலாம், வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம், இன்ன நேரத்தில் இருந்த நிலைக்குத் திருப்பலாம். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தையே நிறுத்தாமல் அடுத்த பொறிக்கு மாற்றும் வசதி 2003இல் விஎம்வேரில் வந்தது: நினைவகம் முழுவதும் முதலில் மறுபுறம் நகலெடுக்கப்படுகிறது, அதற்குள் மாறிவிட்ட பகுதிகள் மட்டும் மறுபடி நகலெடுக்கப்படுகின்றன, மிச்சம் மிகச் சிறிதாகும்போது கண்ணிமைக்கும் நேரம் நிறுத்தி, மறுபுறம் ஓட்டத்தைத் தொடங்குகிறார்கள். இதனால், பழுதடைந்த விசிறியை மாற்றுவதற்கு ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டிய நிலை ஒழிந்தது. வன்பொருள் மடிந்தாலும் கைவிட முடியாத பழைய மென்பொருளைப் புதுப் பொறியில் ஏற்றி ஓட்டவும் முடிகிறது. எனினும் 2023 அக்டோபரில் மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்திக்கொண்ட விண்டோஸ் சர்வர் 2012 போன்ற இயங்குதளம், புது வீட்டுக்குக் குடிவந்ததனால் மட்டும் பாதுகாப்பானதாகிவிடாது.

மேற்கூறிய 15 சர்வர்களின் வேலையை எத்தனை பொறிகளில் அடக்கலாம்? கணக்குப்படி ஒன்றோ இரண்டோ போதும் என்றாலும், மூன்று வைப்பதே அறிவுடைமை. இரண்டு மட்டும் இருந்து அவற்றுக்கிடையே தொடர்பு அறுந்தால், மற்றது செத்துவிட்டது என்று இரண்டுமே முடிவு செய்து ஒரே வேலையை இரண்டும் கையிலெடுக்கக்கூடும். மூன்றாவது ஒன்று இருந்தால் பெரும்பான்மை எப்பக்கம் என்பது தெரிந்துவிடும். மூன்றிலும் 256 ஜிபி வீதம் 768 ஜிபி நினைவகம் இருந்தாலும், ஒரு பொறி விழுந்தால் அதன் குடித்தனங்களை மற்ற இரண்டும் ஏற்க வேண்டும் என்பதால், பங்கிடத்தக்கது 512 ஜிபிக்குள்தான். இந்த ஒழுங்கைக் காக்காத இடங்களில், மூன்று பொறிகளையும் நிரப்பிவிட்டு, ஒன்று விழுந்த நாளில் எதை நிறுத்துவது என்று கைபிசைந்து நிற்கிறார்கள். செயலியை உண்மையில் இருப்பதைவிட மூன்று நான்கு மடங்காகக் காட்டிப் பங்கிடுவதில் தவறில்லை, ஏனெனில் எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயடிக்கு வருவதில்லை; நினைவகத்தை அப்படிப் பங்கிட்டால் எல்லாமே நொண்டும். பொறி ஒன்றுக்கு 450 வாட் எனக் கொண்டாலும், மூன்றும் ஓராண்டில் இழுப்பது சுமார் 11,800 யூனிட்.

இவ்வளவும் மெய்நிகராக்கமே, தனி மேகக்கணிமை இன்னும் வரவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாகப் பேசுவது விற்பனையாளர்களின் வழக்கம். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி 2011இல் வெளியிட்ட வரையறையின்படி, பயனர் தாமே வேண்டியதை எடுத்துக்கொள்வது, வலையமைப்பு வழியாக எங்கிருந்தும் அணுகுவது, வளங்களைப் பொதுத்தொட்டியாகத் திரட்டுவது, தேவைக்கேற்ப விரைவாகப் பெருக்கிச் சுருக்குவது, பயன்பாட்டை அளந்து காட்டுவது ஆகிய ஐந்தும் இருந்தால்தான் அது மேகக்கணிமை; ஒரே நிறுவனத்தின் பயனுக்கு மட்டும் அமைந்தால் அது தனி மேகம். விற்பனைப் பிரிவு புதிய சர்வர் வேண்டும் என்று கடிதம் எழுதி, மேலாளர் ஒப்பமிட்டு, கணினிப் பிரிவு அடுத்த வாரம் உருவாக்கித் தரும் இடத்தில், பொறி எத்தனை புதிதாயினும் அங்கே மேகம் இல்லை. முதல், நான்காம், ஐந்தாம் பண்புகள் நிர்வாகப் பழக்கத்தை மாற்றச் சொல்பவை. யாருக்கு எவ்வளவு ஒதுக்கீடு, யார் கணக்கில் செலவு என்பவற்றை முன்கூட்டியே விதியாக்கினால்தான் அவை கைகூடும். ரேக்ஸ்பேஸும் நாசாவும் 2010இல் தொடங்கிய ஓப்பன்ஸ்டாக் போன்ற முழுமையான தனிமேக மென்பொருளை ஐரோப்பாவின் பெரும் இயற்பியல் ஆய்வகமான செர்ன் ஓட்டுகிறது என்பதற்காக, கணினிப் பிரிவில் மூன்று பேர் மட்டும் உள்ள ஆலை அதைத் தலையில் கட்டிக்கொள்வது வீண்வேலை. பத்துப்பதினைந்து மென்பொருள்களை ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓட்டும் நிறுவனத்துக்கு நல்ல மெய்நிகராக்கமே போதுமானது.

வாடகைக்குக் கிடைக்கும் பொதுமேகம் இருக்கச் சொந்தப் பொறி எதற்கு என்ற கேள்விக்கு, வேலைப்பளு ஏறி இறங்கினால் வாடகை, சீராக இருந்தால் சொந்தம் என்பதே பொதுவான விடை. அமெரிக்காவின் 37சிக்னல்ஸ் என்னும் சிறிய மென்பொருள் நிறுவனம், 2022இல் பொதுமேகத்துக்கு 32 லட்சம் டாலர் செலவானதைக் கணக்கிட்டுப் பார்த்து, சொந்தமாகச் சர்வர்கள் வாங்கி 2023இல் தன் மென்பொருள்களை அவற்றுக்கு மாற்றிக்கொண்டது. அங்கே அவற்றைப் பராமரிக்கத் தேர்ந்த குழு முன்பே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

ஒன்றுசேர்த்தலின் ஆதாயம் எதுவோ அதுவே அதன் ஆபத்தும். முன்பு ஒரு பொறியைப் பிடித்த திருடன் ஒரு மென்பொருளைத்தான் பிடித்தான். இப்போது ஹைப்பர்வைசரைப் பிடித்தால் குடியிருப்பவை அனைத்தும் அவன் கையில். 2023 பிப்ரவரியில் விஎம்வேர் சர்வர்களைக் குறிவைத்த ஈஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்னும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத் தாக்குதலில் உலகெங்கும் 3,800க்கும் மேற்பட்ட சர்வர்கள் முடக்கப்பட்டன. அதில் சுரண்டப்பட்டதாகக் கருதப்படும் ஓட்டைக்கு ஈராண்டுகளுக்கு முன்பே, 2021 பிப்ரவரியில், திருத்தம் வெளிவந்திருந்தது. இன்ன நேரத்து நிலையைப் பதிந்துவைக்கும் வசதியைக் காப்பு நகல் என்று நம்புவது இன்னொரு பெரும்பிழை: அப்பதிவு மூல வட்டிலேயே கிடப்பதால் வட்டோடு சேர்ந்து அதுவும் போகும். 2021 மார்ச்சு 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, காப்பு நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தனர். மூன்று நகல்கள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்னும் எளிய விதி இதற்காகவே சொல்லப்படுகிறது.

வீட்டுக்காரரை மாற்ற முடியாத குடித்தனமும் ஆபத்தானதே. பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கி, அடுத்த மாதமே ஒருமுறை பணம் கட்டி என்றைக்கும் பயன்படுத்தும் உரிமங்களின் விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றியதும், செலவு உயர்ந்த நடுத்தர நிறுவனங்கள் பல ஹைப்பர்-வி, நியூட்டானிக்ஸ், கேவிஎம் மேல் அமைந்த பிராக்ஸ்மாக்ஸ் ஆகிய மாற்று மென்பொருள்களை நோக்கிப் பார்க்கத் தொடங்கின. வெளியேறும் வழி எது என்பதை உள்ளே நுழையும்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இந்திய நிறுவனங்களுக்குச் சட்டக் கடமைகளும் உண்டு. இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான சிஇஆர்டி-இன் (CERT-In) பிறப்பித்த 2022 ஏப்ரல் ஆணைப்படி, இணையத் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவேடுகளை 180 நாள்கள் காக்க வேண்டும். கடிகாரங்களை அரசு நேரத்தோடு பொருத்த வேண்டும். இடைநிறுத்தி எழுப்பப்படும் மெய்நிகர் இயந்திரங்களின் கடிகாரம் பின்தங்கக்கூடியது என்பதால் கடைசிக் கடமை எளிதில் தவறிவிடும். மின்னணு வடிவில் பேணப்படும் கணக்கேடுகளின் காப்பு நகலை நாள்தோறும் இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் வைக்க வேண்டும் என்பது 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட நிறுவனக் கணக்கு விதி.

கொள்முதல் ஆணையில் கையெழுத்திடும் முதலாளி, விலைப்பட்டியலைப் படிப்பதற்கு முன், ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, நேற்றைய காப்பு நகலிலிருந்து கணக்குச் சர்வரைத் தம் கண்முன் மீட்டெடுத்துக் காட்டும்படி கணினிப் பிரிவைக் கேட்க வேண்டும். அது முடியாத இடத்தில் முதல் செலவு அதற்கே. புதிய பொறிகள் அடுத்த நிதியாண்டு வரை காத்திருக்கலாம்.