காது வளர்க்க அவசரம் கூடாது!
பாம்படப் பாட்டிமார் கையாண்ட பக்குவம்

திருநெல்வேலிச் சீமையில் இருந்து மும்பைக்குப் பிழைக்க வந்த குடும்பங்கள் பல. ஊரில் அந்தக் காலத்துப் பாட்டி இருந்தால், அவர் காதைப் பார்த்திருப்பீர்கள். தோளைத் தொடும் காது. அதில் ஆடும் பாம்படம்.

இப்போது பேரன்கள் காது வளர்க்கிறார்கள்! காது மடலில் வட்டமான துளை, அதற்குள் கறுப்பு வளையம். 'டனல்' என்று பெயர். மின்சார ரெயிலில் இப்படிப்பட்ட வாலிபர்களைக் காணலாம்.

ஆசைப்படுவது தவறு அல்ல. அவசரப்படுவதுதான் ஆபத்து.

பாட்டி செய்தது என்ன?

சிறு வயதிலேயே காது குத்துவார்கள். புண் ஆறியபின் துணித் திரியோ, பஞ்சோ வைப்பார்கள். பிறகு பனை ஓலைச் சுருள். சுருட்டிய ஓலை தானாக விரியும். துளையும் மெல்லப் பெருகும். அதன் பின்னரே குணுக்கு என்ற கனமான அணி. இவ்வளவும் ஒரு வாரத்தில் நடந்தது அல்ல. ஆண்டுக்கணக்கில் நடந்தது.

இன்று செய்ய வேண்டியது

புதிதாகக் குத்திய காதைப் பெருக்கக்கூடாது. சில மாதங்கள் ஆறவிட வேண்டும்.

ஒரு தடவைக்கு அரை மில்லி மீட்டர் கூட்டினால் போதும். அடுத்த அளவுக்குப் போகக் குறைந்தது ஒன்றிரண்டு மாதம் பொறுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே காதைத் தொட வேண்டும். புண் இல்லாத காதில் தேங்காய் எண்ணெய் தடவி நீவி விட்டால் தோல் இளகும்.

பென்சில், தீக்குச்சி ஆகியவற்றைத் திணிப்பது கூடவே கூடாது. நடைபாதையில் விற்கும் மலிவுப் பிளாஸ்டிக் வளையமும் வேண்டாம். ஆபரேஷனுக்குப் பயன்படும் தரமான எஃகு அல்லது டைட்டானியம் நல்லது. மடலின் மேலே உள்ள குருத்தெலும்பில் இந்த வேலையே ஆகாது.

வலித்தாலோ, ரத்தம் கசிந்தாலோ நிறுத்திவிட்டு, பழைய சிறிய அளவுக்குத் திரும்ப வேண்டும். சீழ், வீக்கம், காய்ச்சல் கண்டால் உடனே டாக்டரிடம் போங்கள். சர்க்கரை வியாதிக்காரர்களும், தழும்பு தடித்து வளரும் உடம்புக்காரர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது.

திரும்பி வருமா?

துளை ஏறக்குறைய 10 மில்லி மீட்டரைத் தாண்டினால் பழையபடி சுருங்கும் என்று நம்ப முடியாது. காது அறுந்தாலும் சரி, துளையை மூட நினைத்தாலும் சரி, தையல்தான் வழி. வேலைக்கு லீவு, கைக்காசு செலவு.

காலம் மாறியபோது ஊரில் வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொண்ட தாய்மார் பலர். நாளை வேறு வேலைக்கு மனுப் போடும்போது, பெண் பார்க்கப் போகும்போது, இந்தத் துளை வேண்டுமா என்று இன்றே யோசியுங்கள்.

பொறுத்தால் காது வளரும். இழுத்தால் அறும்!