குத்துச்சண்டைக் கையுறையின் உட்திணிப்பும் குத்தின் தாக்கமும்

குத்துச்சண்டைக் கையுறை என்பது விரல்களை முழுதாக மூடி, முட்டிகளின் மேல் தடித்த உட்திணிப்பைக் கொண்ட தோல் உறையாகும். பேச்சு வழக்கில் 'பாக்சிங் கிளவுஸ்' எனப்படும் இது, குத்து வாங்குபவரைக் காப்பதற்காகவே அணியப்படுகிறது என்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மைதான். கையுறை முதலில் காப்பது குத்துபவரின் கையை. அடுத்துத்தான் எதிராளியின் தோலையும் முக எலும்புகளையும். மூளையை அது எந்த அளவுக்குக் காக்கிறது என்பது வேறு கேள்வி.

வெறுங்கையிலிருந்து கையுறைக்கு

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பரிசுச் சண்டைகள் வெறுங்கையால் நடந்தன. 1743இல் முதல் எழுத்து விதிகளை வகுத்த ஜாக் பிரௌட்டன், தம்மிடம் பயில வந்த செல்வந்தர்களின் முகம் காயப்படாதிருக்கத் திணிப்பு வைத்த உறைகளைப் பயன்படுத்தினார். அவை பயிற்சிக்கு மட்டுமே. போட்டியில் கையுறையைக் கட்டாயமாக்கியவை 1867இல் வெளியான குயின்ஸ்பெரி விதிகள். இவற்றை எழுதியவர் ஜான் கிரகாம் சேம்பர்ஸ். பெயர் மட்டும் குயின்ஸ்பெரி பிரபுவுடையது. ஆனாலும் 1889இல் ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெயினும் அமெரிக்காவில் 75 சுற்றுகள் வெறுங்கையுடன்தான் மோதினர். 1892இல் கையுறை அணிந்து சல்லிவனை ஜிம் கார்பெட் வென்ற பிறகு வெறுங்கைச் சண்டை பின்னுக்குப் போனது.

வெறுங்கைச் சண்டையில் ஓர் இயல்பான கட்டுப்பாடு இருந்தது. கை பல சிறு எலும்புகளால் ஆனது. நெற்றியோ உடலின் மிகக் கடினமான பகுதிகளுள் ஒன்று. தலையில் முழு வலுவுடன் குத்தினால் முதலில் உடைவது பெரும்பாலும் குத்தியவரின் கைதான். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் உள்ள எலும்பு இவ்வாறு முறிவதை மருத்துவர்கள் 'பாக்சர் முறிவு' என்பர். (கோபத்தில் சுவரைக் குத்தியவர்களிடமும் இம்முறிவு சாதாரணமாகக் காணப்படும்.) உட்திணிப்பு இந்த அச்சத்தைக் குறைத்தது. கை பத்திரமானதும், தலையைக் குறிவைத்து அடுத்தடுத்துக் குத்துவது எளிதாயிற்று.

உட்திணிப்பு எவ்வாறு வேலை செய்கிறது?

வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பந்தின் உந்தம் மாறுவதில்லை. அது நிற்க எடுக்கும் நேரம் கூடுவதால் கையில் விழும் விசை குறைகிறது. கையுறையின் திணிப்பும் இதையே செய்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 3 கிலோகிராம் நிறைக்குச் சமமான ஒரு குத்து, வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வந்து நிற்கிறது என்று கொள்வோம். உந்தம் 24 கிலோகிராம் மீட்டர்/வினாடி. வெறும் முட்டி 5 மில்லி வினாடியில் நின்றால் சராசரி விசை 4,800 நியூட்டன். திணிப்பு அமுங்கி அந்நேரம் 15 மில்லி வினாடியாக நீண்டால் விசை 1,600 நியூட்டனாகக் குறையும். இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள். குத்துக்குக் குத்து இவை மாறும். மேலும், கையுறை விசையை அகன்ற பரப்பில் பரப்புவதால் அழுத்தமும் தணிகிறது. புருவம் கிழிவதும் மூக்கெலும்பு உடைவதும் குறைவது இதனால்தான்.

ஆனால் இரு கணக்குகளிலும் 24 என்ற எண் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விசையின் உச்சம் தணிந்தாலும், தலைக்குக் கடத்தப்படும் மொத்த உந்தம் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. தாடையின் பக்கவாட்டில் விழும் குத்து தலையைச் சட்டென்று திருப்புகிறது. நீர்மத்தில் மிதக்கும் மூளை அந்தத் திருப்பத்தில் மண்டையோட்டைவிடச் சற்றுப் பின்தங்குகிறது. அப்போது நரம்பிழைகள் இழுபடுகின்றன. மூளையின் மேற்பரப்பிலிருந்து செல்லும் சிறு சிரைகள் அறுந்து உள்ளே இரத்தம் கசியலாம். குத்துச்சண்டை மேடை மரணங்களில் இத்தகைய இரத்தக் கசிவே முதன்மைக் காரணம். தடித்த திணிப்பு தலையின் முடுக்கத்தை ஓரளவு குறைக்குமே தவிர, இதைத் தடுத்துவிடாது. கையுறை வழக்கமாகிவிட்ட காலத்தில்தான், 1928இல், அமெரிக்க நோயியல் மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட், பல ஆண்டுகள் தலையில் குத்து வாங்கிய வீரர்களின் தள்ளாட்டத்தையும் மனக்குழப்பத்தையும் மருத்துவ இதழில் விவரித்தார்.

எடை அளவுகள்

கையுறைகள் அவுன்சு கணக்கில் குறிக்கப்படுகின்றன. 1 அவுன்சு சுமார் 28 கிராம். இது தோல், துணி எல்லாம் சேர்ந்த எடை. திணிப்பின் எடை மட்டுமன்று. தொழில்முறைப் போட்டிகளில் பொதுவாக வெல்டர் எடை வரை 8 அவுன்சும், அதற்கு மேல் 10 அவுன்சும் வழக்கம். பயிற்சிச் சண்டைக்கு 14 அல்லது 16 அவுன்சு. கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளின் விரல் திறந்த கையுறை சுமார் 4 அவுன்சுதான்; பிடிபோட வசதியானது, ஆனால் தோல் எளிதில் கிழியும்.

திணிப்புப் பொருளும் முக்கியம். குதிரைமுடி அடைத்த கையுறையில் முட்டி நன்றாக உறைக்கும். வலுவாகக் குத்துவோர் அதை விரும்புவர். லேடெக்ஸ், பாலியூரித்தேன் நுரைகள் அதிர்வை மேலும் உள்வாங்கும்.

திணிப்பை எடுத்துவிட்டால்

திணிப்பு மூளையை முழுதும் காக்காது என்பதால் அது தேவையில்லை என்று ஆகாது. 1983 சூன் 16 அன்று நியூயார்க் மேடிசன் சதுக்க அரங்கில், தோல்வியே காணாத 21 வயது பில்லி காலின்சு, லூயிசு ரெஸ்டோவுடன் 10 சுற்றுகள் மோதினார். காலின்சின் இரு கண்களும் வீங்கி மூடின. சண்டை முடிந்து கைகுலுக்க வந்த ரெஸ்டோவின் கையுறையைப் பிடித்த காலின்சின் தந்தை, அது வழக்கத்துக்கு மாறாக மெலிந்திருப்பதை உணர்ந்து அதிகாரிகளை அழைத்தார். இரு கையுறைகளிலிருந்தும் திணிப்பு உருவப்பட்டிருந்தது தெரியவந்தது. கருவிழிப்படலம் கிழிந்து பார்வை மங்கிய காலின்சு மீண்டும் மேடை ஏறவில்லை. 1984இல் கார் விபத்தில் இறந்தார். ரெஸ்டோவும் அவருடைய பயிற்சியாளர் பனாமா லூயிசும் 1986இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகிச் சிறை சென்றனர். பல ஆண்டுகளுக்குப் பின், கையில் சுற்றிய துணியும் கெட்டிப்படுத்தப்பட்டிருந்தது என்பதை ரெஸ்டோ ஒப்புக்கொண்டார்.

கைத்துணி சுற்றுவதை அதிகாரி அருகிருந்து பார்ப்பதும், சுற்றிய துணியின் மேல் கையொப்பமிடுவதும் இத்தகைய மோசடியைத் தடுக்கவே.

பழைய கையுறைகள்

பயிற்சிக் கூடங்களில் மோசடி எதுவும் இல்லாமலே திணிப்பு மெலிந்துவிடுகிறது. மணல்மூட்டையைத் தினமும் குத்தக் குத்த, நுரை முட்டிப் பகுதியில் நிரந்தரமாக அமுங்கிவிடும். வியர்வை அதை மேலும் கெடுக்கும். வெளியே தோல் புதிது போலவே இருக்கும். ஆகவே மூட்டைக்கு ஒரு சோடி, பயிற்சிச் சண்டைக்கு வேறு சோடி வைத்துக்கொள்வது நல்லது. கையுறையை அணிந்து முட்டியின் மேல் கட்டைவிரலால் அழுத்தும்போது உள்ளே எலும்பு தட்டுப்பட்டால், அது 16 அவுன்சு கையுறையானாலும் பயிற்சிச் சண்டைக்கு எடுக்கக்கூடாது.