பின்னால் வரும் பாரம்

மலை ஏறுவது கஷ்டமா, இறங்குவது கஷ்டமா? பாரவண்டியை இழுத்துச் செல்லும் டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏறும்போது என்ஜின் திணறினால் வண்டி மெதுவாகப் போகும், அவ்வளவுதான். இறங்கும்போது பிரேக் திணறினால்?

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் ராக்கி மலைகளைக் குடைந்து செல்கிறது 70-ஆம் எண் நெடுஞ்சாலை. அதில் 11,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், 1973-ல் திறக்கப்பட்ட ஐசன்ஹோவர் சுரங்கப் பாதை இருக்கிறது. அதன் மேற்கு வாயிலிலிருந்து சில்வர்த்தார்ன் ஊர் வரை ஏறக்குறைய 8 மைல் தூரம் ஒரே இறக்கம்! 100 அடி போவதற்குள் 7 அடி இறங்கும் செங்குத்தான சரிவுகளும் உண்டு. பிரேக் பிடிக்காமல் தறிகெட்டு வரும் லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே சாலையோரம் சரளைக்கல் கொட்டிய மேட்டுப் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள் என்றால், அந்த இறக்கம் எப்படிப்பட்டது என்று சொல்லவும் வேண்டுமா?

மோட்டார் பத்திரிகைக்காரர்கள் புதிய பிக்-அப் வண்டிகளைப் பரீட்சை செய்வது இங்கேதான். டிரெய்லரில் பாரத்தை ஏற்றி, மலைமேல் இழுத்துப்போய்த் திருப்பி இறக்குகிறார்கள். இறங்கும்போது டிரைவர் எத்தனை தடவை பிரேக்கை மிதித்தார் என்று பக்கத்தில் இருப்பவர் எண்ணிக்கொண்டே வருகிறார். எண்ணிக்கை குறையக் குறைய வண்டிக்கு மதிப்பு அதிகம்.

காரணம், சூடு. 5 டன் பாரம் 600 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிப்படும் சக்தி முழுவதும் சூடாக மாறினால், சுமார் 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். காற்றும் என்ஜினும் அதில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். மீதி பிரேக்குகளின் தலையில்தான் விழும். அளவுக்கு மீறிச் சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கும். அதனால்தான் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும் என்கிறார்கள்.

காந்தம் செய்யும் வேலை

முன்வண்டியின் பிரேக் மட்டும் எல்லாப் பாரத்தையும் நிறுத்த முடியாது. ஆகவே டிரெய்லரின் சக்கரங்களுக்கும் தனி பிரேக் உண்டு. பெரும்பாலும் அது மின்சார பிரேக். சக்கரத்தின் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. சுமார் 3 ஆம்பியர் மின்சாரம் பாய்ந்தால் போதும். காந்தம் சுழலும் டிரம்மைக் கவ்வி, அதோடு இழுபட்டு, ஒரு நெம்புகோலைத் தள்ளும். நெம்புகோல் பிரேக் ஷூக்களை விரிக்கும். சக்கரம் நிற்கும்.

எவ்வளவு மின்சாரம், எப்போது பாய வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் டிரைவரின் முழங்காலருகே இருக்கும் சிறு பெட்டி. பிரேக் கண்ட்ரோலர் என்பது அதன் பெயர். மலிவான ரகம் கடிகாரம் மாதிரி. டிரைவர் மெல்ல மிதித்தாலும் ஓங்கி மிதித்தாலும், குறித்து வைத்த நேரக் கணக்குப்படிதான் மின்சாரத்தை ஏற்றும். நல்ல ரகம் வண்டியின் வேகம் எவ்வளவு சடுதியில் குறைகிறது என்று உணர்ந்து, அதற்குத் தக்கபடி மின்சாரத்தை அனுப்பும். பாரம் அதிகமானால் விலையைப் பார்க்காமல் இரண்டாவது ரகத்தை வாங்குவதே விவேகம்.

நெம்பைத் தள்ளிப் பார்!

எந்தப் பெட்டியானாலும் பரீட்சை செய்யாமல் புறப்படக் கூடாது. உலர்ந்த, சமமான, ஆள் நடமாட்டமில்லாத சாலையில், பாரத்துடன், மணிக்கு 25 மைல் வேகத்தில் போக வேண்டும். காலால் பிரேக்கைத் தொடாமல், பெட்டியிலுள்ள கை நெம்பை மட்டும் முழுதாகத் தள்ள வேண்டும். டிரெய்லர் பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருந்தால் சரி. சக்கரங்கள் பூட்டிக்கொண்டு கிரீச்சிட்டால் மின்சாரம் அதிகம். அளவைக் குறைக்க வேண்டும். ஒன்றுமே நடவாததுபோல் வண்டி உருண்டால் கூட்ட வேண்டும். பூட்டிக்கொள்வதற்குச் சற்று முன்னால் நிற்கும் அளவுதான் உத்தமம்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். காலி டிரெய்லருக்குச் சரியான அளவு பாரம் ஏற்றிய டிரெய்லருக்குப் போதாது. பாரத்துக்குச் சரியான அளவு காலி டிரெய்லரின் சக்கரங்களைப் பூட்டிவிடும். மழை பெய்தால் கணக்கு மறுபடியும் மாறும்.

அளவு போதாவிட்டால், திருப்பத்தில் முன்வண்டி பிரேக் பிடிக்கும்போது டிரெய்லர் அதை முட்டித் தள்ளும். இரண்டும் பேனாக்கத்தி மடிவதுபோல் மடிந்துவிடும். டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தாலோ, பதறிப்போய்க் காலால் மிதிப்பது கூடாது. அந்தக் கை நெம்பை மட்டும் இதமாகத் தள்ளினால் டிரெய்லர் பின்னால் இழுபட்டு நேராகிவிடும். நெம்பு எங்கே இருக்கிறது என்று அப்போது தேடிக்கொண்டிருக்க முடியுமா?

இணைப்பே அறுந்து டிரெய்லர் தனியே கழன்றுவிட்டால்? அதற்கும் ஒரு யுக்தி உண்டு. முன்வண்டியோடு கட்டிய மெல்லிய கம்பி, டிரெய்லரிலுள்ள ஒரு முளையைப் பிடுங்கிவிடும். உடனே டிரெய்லரின் சொந்த பாட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ந்து பிரேக் பிடித்துக்கொள்ளும். வர்த்தக வண்டிகளில் இந்தப் பிடி குறைந்தது 15 நிமிஷமாவது நிலைக்க வேண்டும் என்பது அமெரிக்க மத்திய அரசின் விதி. ஆனால் பாட்டரி செத்துக் கிடந்தால் முளை பிடுங்கியும் பயனில்லை. ஆகவே புறப்படும் முன் முளையைக் கையால் பிடுங்கி, டிரெய்லரை இழுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் முன்வண்டிக்கும் டிரெய்லருக்கும் இடையே உள்ள மின்சாரப் பிளக்கைக் கழற்றிவிடுவது அவசியம். இல்லாவிட்டால் அந்த மின்சாரம் முன்வண்டிப் பக்கம் திரும்பி, கண்ட்ரோலரையே கெடுத்துவிடக் கூடும்.