சிப்பியின் காவலும் சுவாசப்பையின் காவலும்

சுவாதி மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகின்றது என்பது முன்னோர் கொண்ட கருத்து. ஆராய்ந்தோர் கண்டது வேறு. அந்நியப் பொருளொன்று சிப்பியின் சதைக்குட் புகுமாயின், அச்சதையின் அணுக்கள் அதனைப் பைபோற் சூழ்ந்து, பளபளக்கும் படலங்களால் மூடிவிடுகின்றன. இவ்வுண்மையைக் கைக்கொண்டே 1973ஆம் ஆண்டில் நமது தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் முத்து வளர்த்தனர். ஆதலால் முத்தென்பது தன்னைக் காத்துக்கொள்ளச் சிப்பி செய்த வேலையேயாம்.

நமது சரீரத்திலும் காவலர் உளர். இரத்தத்தின் வெள்ளணுக்களே அவர். அவற்றுள் ஒருவகை, இயோசின் என்னுஞ் செஞ்சாயத்தை ஏற்றுச் சிவப்பதால் இயோசினோபில் எனப்படும். 1879இல் ஜெர்மானியராகிய பால் எர்லிக் இதனை விளக்கினார். புழுக்களைக் கொல்லும் நஞ்சு இவ்வணுக்களுள் மணிமணியாக நிறைந்துள்ளது.

சிப்பியின் காவல் முத்தில் முடிகின்றது. நமது காவலோ சிலவேளை நமக்கே தீங்காய் முடிகின்றது. யானைக்கால் நோயை விளைக்கும் புழு, கொசுக்கடியால் நம்முட் புகுகின்றது. அதன் குஞ்சுகள் சுவாசப்பையின் நுண்ணிய இரத்தக் குழாய்களிற் சிக்குகின்றன. சிலருடைய சரீரம் அவற்றை அளவுக்கு மிஞ்சி எதிர்க்கின்றது. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 500க்கு உட்பட்டிருக்க வேண்டிய இயோசினோபில்கள் 3000க்கு மேற் பெருகிச் சுவாசப்பையிற் குவிகின்றன. பகைவனுக்கென வைத்த நஞ்சைச் சொந்த வீட்டின்மேலும் சொரிகின்றன. இரவில் வறட்டிருமல், இளைப்பு, மெலிவு, சிறு காய்ச்சல் ஆகியவை இதன் குறிகள்.

இந்நோய் வைத்தியரையும் மயக்க வல்லது. எக்ஸ்ரே படத்திற் காணும் புள்ளிகள் க்ஷயரோகத்தை ஒத்திருக்கும். இரவில் வரும் இளைப்போ ஆஸ்துமாவைப் போலிருக்கும். மதனப்பள்ளி மிஷன் க்ஷயரோக ஆஸ்பத்திரியில் பணிபுரிந்த பிரிமோட் மோலர், பார்ட்டன் என்னும் வைத்தியர் இருவர், க்ஷயம்போலத் தோன்றியும் க்ஷயமல்லாத இந்நிலையை 1940இல் எடுத்துரைத்தனர். 1943இல் வைன்கார்ட்டன் என்பவர் அதற்கு 'உஷ்ணதேச இயோசினோபீலியா' எனப் பெயரிட்டார்.

பிணியின் பெயர் மாறினால் மருந்தும் மாறும். க்ஷய மருந்துகள் இந்நோயைத் தீரா. டைஎதில்கார்பமசீன் என்னும் மருந்தை வைத்தியர் சொற்படி மூன்று வாரம் உட்கொண்டால் பெரும்பாலோர் விரைவிற் குணமடைகின்றனர். நெடுநாள் கவனியாது விட்டாலோ, சுவாசப்பை தழும்பேறிச் சுருங்கக்கூடும்; அப்பால் மருந்தின் வலியும் குன்றும்.

ஆகையால் நீடித்த இருமலுடையோர் தாமாக ஒரு பெயர் சூட்டிக்கொண்டு அஞ்சுதலும் வேண்டா, அசட்டையாயிருத்தலும் வேண்டா. க்ஷயத்திற்குச் சளியைச் சோதிப்பதோடு, இரத்தத்தின் வெள்ளணுக்களையும் எண்ணச் செய்தல் நன்று. சிப்பியைத் திறவாமல் முத்தை அறியோம். சோதியாமல் நோயையும் அறியோம்.