சம்மதம் என்னும் சொல்லின் பொருளும் வழக்கும்

மக்களிடம் நேரிற் சென்று இரத்தம், சளி முதலியவற்றைச் சேகரிப்போரும், குடும்ப விவரங்களைக் கேட்டு எழுதுவோரும், பள்ளிகளில் தடுப்பூசிப் பணிக்குத் துணைபுரியும் ஆசிரியர்களும் கையாளும் படிவங்கள் பலவற்றின் அடியில் ஒரு வரி காணப்படும். அதன் கீழே கையொப்பத்திற்கோ பெருவிரல் ரேகைக்கோ சிறிது இடம் விட்டிருக்கும். அவ்வரியின் தலையாய சொல் 'சம்மதம்' என்பது. சில படிவங்களில் அது 'ஒப்புதல்' என்றும், வேறு சிலவற்றில் 'இசைவு' என்றும் இருக்கும். கையொப்பம் வாங்குவதில் நாம் காட்டும் அக்கறையை, அச்சொல் எதைக் குறிக்கின்றது என்று ஆராய்வதில் காட்டுவதில்லை. இதனால் விளையும் கேடு சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு.

பெங்களூரு நகரின் கிழக்குப் பகுதியில், காக்ஸ் டவுனை அடுத்துள்ள ஜீவனஹள்ளி போன்ற ஓர் இடத்தை எண்ணிப் பார்ப்போம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் அங்கே அண்டை வீடுகளில் ஒலிக்கும். ஊழியர் கையிலுள்ள படிவம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ அச்சிடப்பட்டிருக்கலாம். கதவைத் திறக்கும் மூதாட்டிக்குத் தமிழ் மட்டுமே எழுதப் படிக்கத் தெரிந்திருக்கலாம், அதுவும் தெரியாமலிருக்கலாம். அவர் சர்க்கார் ஆளுக்கு மரியாதை செய்யும் பழக்கமுடையவர். காட்டிய இடத்தில் விரலை வைத்துவிடுவார். அவர் சம்மதம் அளித்தாரா என்பதே நம் முன்னுள்ள வினா.

முதலிற் சொற்களை நோக்குவோம். 'சம்மதம்' வடசொல், 'சம்' என்பது கூடிய என்றும், 'மதம்' என்பது எண்ணப்பட்டது என்றும் பொருள்படும். இருவர் எண்ணம் ஒன்றுபடுதலே இதன் வேர்ப்பொருள். ஆங்கிலத்தில் வழங்கும் 'கன்சென்ட்' என்னும் சொல்லும் இலத்தீன் மொழியில் 'கூடி உணர்தல்' என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. தமிழ்ச் சொல்லாகிய 'இசைவு' இன்னும் அழகுடையது. இரு சுருதிகள் பொருந்துவது போல ஒருவர் கருத்து மற்றவர் கருத்தோடு பொருந்துதல் அது. 'உடன்பாடு' என்பதும் இவ்வினத்ததே. இச்சொற்கள் எல்லாவற்றிலும் இருவர் உளர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் தனியே விரலை வைப்பதனால் மட்டும் இவற்றுள் எதுவும் நிகழ்ந்துவிடுவதில்லை.

'ஒப்புதல்' என்னும் சொல்லுக்குச் சற்று வேறான வரலாறு உண்டு. ஒத்திருத்தல், ஏற்றல் என்னும் பொருள்களோடு, குற்றத்தை ஏற்றுக்கொள்ளுதலும் அதில் அடங்கும். 'திருடியதை ஒப்புக்கொண்டான்' என்கிறோம். இதே வேரிலிருந்து கையெழுத்தைக் குறிக்கும் 'ஒப்பம்' என்பதும் தோன்றியது. கன்னடத்தில் 'ஒப்பிகெ' என்றால் சம்மதம். 'ஒப்பந்த' என்றால் உடன்படிக்கை. ஆதலால் ஜீவனஹள்ளியில் அண்டை வீட்டார் இருவரும் இச்சொல்லை ஏறக்குறைய ஒரே பொருளில் விளங்கிக்கொள்வர். ஆனால் தமிழில் 'ஒப்புக்குச் செய்தான்' என்றால் பெயரளவிற்குச் செய்தான் என்பது பொருள். ஒப்புதல், ஒப்பம், ஒப்புக்கு என்னும் மூன்றும் அடுத்தடுத்து நிற்பது மொழியின் குறும்பு போலும். களப்பணியில் முதலாவது இரண்டாவதாகிப் பின் மூன்றாவதாக முடிவதை அனுபவமுடையோர் அறிவர்.

இவற்றோடு அடிக்கடி குழப்பப்படும் சொல் 'அனுமதி'. அனுமதி என்பது ஓர் இடத்தின்மீதோ செயலின்மீதோ அதிகாரமுடையவர் அளிப்பது. தலைமையாசிரியர் தம் பள்ளிக்குள் ஊசி போடும் குழு நுழையலாம் என்று கூறுவது அனுமதி. அது குழந்தையின் உடலைப் பற்றிய சம்மதம் ஆகாது. அதை அளிப்பவர் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர். ஊர்ப் பெரியவர்கள் இடங்கொடுத்தாலும் வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் தனியே கேட்டாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளும், சமூகத் தலைவர் அல்லது நிறுவனத் தலைவரின் அனுமதி தனிமனிதரின் சம்மதத்திற்கு ஈடாகாது என்றே கொள்கின்றன.

இனிச் சட்டத்தை நோக்குவோம். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. இருவர் அல்லது பலர், ஒரே பொருளைப் பற்றி, ஒரே கருத்தில் உடன்படுவதே சம்மதம் என்று அதன் 13-வது பிரிவு வரையறுக்கின்றது. மூதாட்டியின் விரல் ரேகையை இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம். ஊழியர் எண்ணியது ஆராய்ச்சிக்காக இரத்தம் எடுத்தல். மூதாட்டி எண்ணியது ரேஷன் கார்டு சம்பந்தமான ஏதோ ஒன்று. பொருளும் ஒன்றன்று, கருத்தும் ஒன்றன்று. இங்கே குறையுள்ள சம்மதம் இருப்பதாகக்கூடக் கூற இயலாது, சம்மதமே பிறக்கவில்லை.

பிறந்த சம்மதமும் சுதந்திரமானதாக இருத்தல் வேண்டும். வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, பொய்யான எடுத்துரைப்பு, தவறான எண்ணம் ஆகிய ஐந்தில் எதனாலும் அது விளைந்ததாக இருக்கக் கூடாது என்கிறது 14-வது பிரிவு. இவற்றுள் நம் வாசகர்களுக்கு மிகவும் நெருக்கமானது தகாத செல்வாக்கு. ஒருவருடைய விருப்பத்தை அடக்கியாளத்தக்க நிலையில் மற்றவர் இருந்து, அந்நிலையைப் பயன்படுத்தி நியாயமற்ற அனுகூலம் அடைவதை அது குறிக்கும். அந்நிலை உண்மையான அதிகாரத்தாலும் வரலாம், அதிகாரம் உண்டு என்னும் தோற்றத்தாலும் வரலாம். ஊழியரின் தோள்பையும் அடையாளச் சீட்டும், ஆசிரியரின் நாற்காலியும் அத்தகைய தோற்றத்தைத் தருவனவே. அவர் தீய எண்ணம் இல்லாதவராக இருப்பினும், எதிரே நிற்பவருக்கு 'இல்லை' என்று சொல்ல வாய் வராது.

குற்றவியற் சட்டமும் இவ்வாறே கூறும். 1860-ம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 90-வது பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதாவின் 28-வது பிரிவாக விளங்கும் விதியின்படி, தீங்கு நேருமென்னும் அச்சத்தாலோ உண்மையைப் பற்றிய தவறான எண்ணத்தாலோ தரப்பட்டது என்பதைச் செயல் புரிபவர் அறிந்திருந்தால், அல்லது அறியக் காரணம் இருந்தால், அது சம்மதம் ஆகாது. பன்னிரண்டு வயதிற்குட்பட்ட குழந்தை தருவதும் பொதுவாக அவ்வாறே.

மருத்துவத் துறையில் 'தகவலறிந்த சம்மதம்' என்று நாம் இன்று வழங்கும் தொடருக்கு வயது அதிகமில்லை. இரண்டாம் உலகப் போரில் கைதிகள்மீது கொடிய பரிசோதனைகள் செய்த ஜெர்மானிய வைத்தியர்கள்மீதான வழக்கின் முடிவில், 1947-ம் ஆண்டில் வகுக்கப்பட்ட நூரம்பர்க் நெறிகளின் முதல் விதியே, பரிசோதனைக்கு உட்படுபவரின் தன்விருப்பமான சம்மதம் இன்றியமையாதது என்பது. ஆங்கிலத் தொடர் 1957-ம் ஆண்டில் கலிபோர்னியா நீதிமன்றம் ஒன்றின் தீர்ப்பிலிருந்து பரவியது. நம் நாட்டில் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1980-ம் ஆண்டில் தன் முதல் நெறிமுறை அறிக்கையை வெளியிட்டது.

சம்மதம் அளிக்கத்தக்கவர் யார் என்பதை 2008-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்த டில்லி வழக்கு ஒன்று தெளிவாக்கியது. ஒரு பெண்மணி நோயறியும் பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்க மருந்து ஏற்றார். அவர் மயங்கிக் கிடந்தபோது, வெளியே காத்திருந்த தாயாரிடம் கேட்டுவிட்டுக் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. வயது வந்த, சித்த சுவாதீனமுள்ள ஒருவருக்குப் பதிலாக, அவசரமின்றி, தாயும் சம்மதிக்க இயலாது என்றும், பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது என்றும் நீதிமன்றம் கூறியது. பெற்ற தாய்க்கே இல்லாத உரிமை மற்றவர்களுக்கு எங்ஙனம் உண்டாகும்?

இதற்கு ஓராண்டின் பின் நிகழ்ந்ததே, ஆசிரியர்களும் விடுதிக் காப்பாளர்களும் அவசியம் அறிந்திருக்க வேண்டிய சம்பவம். 2009-ம் ஆண்டில், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், பத்து முதல் பதினான்கு வயதுள்ள சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. ஊசி போடும் ஆய்வுத் திட்டம் தொடங்கியது. பாத் என்னும் அமெரிக்க நிறுவனம், மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடும் மாநில அரசுகளோடும் சேர்ந்து இதனை நடத்தியது. கம்மத்தில் ஊசி பெற்றோருள் பலர் பெற்றோரைப் பிரிந்து ஆசிரமப் பள்ளி விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமியர். சிலருடைய மரணத்தைத் தொடர்ந்து எழுந்த எதிர்ப்பினால் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கு ஊசி காரணமென்று விசாரணைக் குழு கருதவில்லை. ஆயினும் படிவங்களைப் புரட்டியபோது வேறொன்று வெளிப்பட்டது. ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 படிவங்களில் 2,763-இல் விடுதிக் காப்பாளர்களே ஒப்பமிட்டிருந்தனர். 1,948-இல் பெருவிரல் ரேகை மட்டும் இருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆகஸ்டில் அளித்த 72-வது அறிக்கையில் இதனைக் கடுமையாகக் கண்டித்தது.

அக்காப்பாளர்கள் தீயவர்கள் என்று எண்ணுவதற்கில்லை. பெற்றோர் தொலைவில் உள்ள மலையூர்களில் இருந்தனர். ஊசி நன்மை தருவது என்று மேலிடம் கூறியது. வருகைப் பதிவேட்டிலும் உணவுக் கணக்கிலும் ஒப்பமிடுவது போல இதிலும் இட்டனர். மாணவியைப் பேணும் பொறுப்பு தம்முடையதாதலால் அவளுடைய உடலைப் பற்றிய முடிவும் தம்முடையதே என்று கொண்டதில்தான் பிழை நேர்ந்தது. அதாவது, அனுமதி தரும் உரிமையைச் சம்மதம் தரும் உரிமையாகக் கொண்டனர். ஊசி சாதாரணமான அரசுத் தடுப்பூசியன்று, ஓர் ஆய்வின் பகுதி என்பதும் பல குடும்பங்களுக்குத் தெரியவில்லை. இழப்போ இரு மடங்காயிற்று. சிறுமியரின் உரிமை போனதோடு, பயனுள்ள ஒரு தடுப்பூசியின்மீதும் நம் நாட்டில் பல்லாண்டு ஐயம் படிந்தது.

பெற்றோரைக் கேட்டால் மறுத்துவிடுவார்கள், வேலை கெடும் என்பது சிலர் கூறும் சமாதானம். சிக்கிம் மாநிலம் 2018-ம் ஆண்டில் இதே நோய்க்கான ஊசியைப் பள்ளிகளின் வாயிலாக வழங்கியது. ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே விளக்கமளிக்கப்பட்டது. குறித்த வயதுச் சிறுமியருள் 95 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் முதல் தவணையைப் பெற்றனர்.

குழந்தைகளைப் பற்றி இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. சட்டப்படி சம்மதம் பெற்றோருடையது; எனினும் ஆராய்ச்சியில் குழந்தையின் விருப்பத்தையும் கேட்க வேண்டுமென 2017-ம் ஆண்டின் நெறிமுறைகள் கூறுகின்றன. ஏழு வயது முதல் ஏறக்குறைய பன்னிரண்டு வரை வாய்மொழியாகவும், அதற்குமேல் பதினெட்டு வரை எழுத்திலும் அது பெறப்படும். இதனை 'உடன்பாடு' என்று வழங்கி, பெற்றோருடையதைச் 'சம்மதம்' என்று வேறுபடுத்துவது எம் கருத்தில் நன்று. ஒரே சொல்லை இரண்டிற்கும் வைத்தால், தந்தை ஒப்பமிட்டதும் சிறுவனைக் கேட்கும் வேலை மறந்துபோகும்.

'மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி' என்னும் பழமொழி கல்யாணப் பேச்சில் வழங்குவது. அங்குகூட அது எத்தனை பெண்களின் வாயடைத்ததோ! களப்பணியில் இதற்கு இடமில்லை. 'மறுப்போர் எழுதித் தருக' என்று பெற்றோருக்குச் சீட்டு அனுப்பிவிட்டு, பதில் வராதவற்றைச் சம்மதக் கணக்கில் சேர்ப்பது இப்பழமொழியை அலுவலகத்திற்குள் கொண்டுவந்ததேயாகும். சீட்டு புத்தகப் பைக்குள்ளேயே கிடந்திருக்கலாம். அன்றியும், தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். இரத்தசோகை ஆய்வுக்கென்று பெற்ற இரத்தத்தை வேறோர் ஆராய்ச்சிக்கு அனுப்பலாகாது. அதற்கென மீண்டும் கேட்க வேண்டும்.

மொழியைப் பற்றிய விதியும் இப்போது எழுத்தில் வந்துள்ளது. 2023-ம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவருடைய விவரங்களைப் பெறச் சம்மதம் கோரும்போது, அக்கோரிக்கையை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்க வகைசெய்கிறது. கர்நாடகத்தில் வாழும் தமிழருக்குத் தமிழும், தெலுங்கருக்குத் தெலுங்கும் அதனுள் அடங்கும்.

எனவே ஜீவனஹள்ளி மூதாட்டியிடம் செல்லும் ஊழியர், படிவத்தை முழுதும் தமிழில் வாசித்துக் காட்டுதல் வேண்டும். தமிழ் அறியாராயின் அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். 'புரிந்ததா?' என்று கேட்டால் 'புரிந்தது' என்றே விடை வரும். ஆகவே, 'எதற்காக இரத்தம் எடுக்கப்போகிறோம், சொல்லுங்கள் அம்மா' என்று கேட்டு, அவர் தம் சொற்களில் கூறுவதைக் கேட்பது மேல். வேண்டாமென்றால் ரேஷனோ ஆஸ்பத்திரிச் சிகிச்சையோ நின்றுவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். எழுதத் தெரியாதவராயின், ஆய்வுக் குழுவைச் சாராத சாட்சி ஒருவர் முதலிலிருந்தே உடனிருந்து கேட்டபின், ரேகையின் அருகே சாட்சியின் கையொப்பமும் தேதியும் இடம்பெறும். படிவத்தின் ஒரு பிரதியை மூதாட்டியிடம் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டிற்குச் செல்லலாம்.